நீலக் கவுனின் மடிப்பில் மஞ்சள் இல்லை

அலமாரியைத் திறந்தபோது அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: உங்கள் தம்பி, அவர் மனைவி, நான். வேறு யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. சாவி தம்பி மனைவியின் இடுப்பில் இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன் அக்கா. பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் அலமாரியில் அந்துருண்டையா? "அது பிளாஸ்டிக்க அரிச்சிரும்டி, மூஞ்சியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்" என்று சொல்லி, மூலைக்கு மூலை வசம்பைத் துணியில் கட்டி வைத்தவர் நீங்கள். அப்படியானால் உங்களுக்குப் பிறகு யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள்.

பொம்மைகள் இருபத்தாறும் இருந்தன. குவைத் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த நர்சுகள் தங்கம் வாங்கியபோது, நீங்கள் பழைய சாமான் சந்தையில் வாங்கிச் சேர்த்த மேல்நாட்டுச் சீமாட்டிகள். நாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் செய்தவை. விரல் நுனி அளவுக்குச் செருப்பு, அதற்கேற்ற கைப்பை, முழங்கை வரை கையுறை.

நான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் கொழுக்கட்டை கொண்டுவந்தேன். "உள்ள வாங்க. ஆனா சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க" என்றீர்கள். நான் கிளம்பியதும் அந்தச் சின்னச் செருப்புகளை எண்ணியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபம் வரவில்லை. யார் வந்துபோனாலும் நானும் கரண்டியை எண்ணுகிறவள்தானே. அதனால்தான் நமக்கு ஒத்துப்போனது. எட்டாவதோடு நின்று, பேப்பர் படித்தே எழுத்துப் பழகிய என்னிடம் நீள நோட்டைக் கொடுத்து, "நீதான் எழுதணும். ஒன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றீர்கள். பொம்மைக்கு ஒரு பக்கம். கவுன், அதன் கழுத்தில் தைத்த பெயர்த்துண்டு, டிக் பட்டன் எத்தனை என்பதுவரை எழுதினேன்.

பக்கவாட்டில் கொண்டை போட்டவள் மட்டும் பதினோரு வருடம் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளோடு சேர்த்து விற்ற நீலப்பட்டுக் கவுன் கிடைக்கும்வரை வேறு எதையும் நீங்கள் போடவிடவில்லை. "பாவமா இருக்குக்கா, ஒரு பாவாட தச்சுப் போடவா?" என்று கேட்டேன். "அடுத்தவ துணி இவளுக்கு எதுக்கு? இருக்கட்டும், வரும்" என்றீர்கள். ஒருநாள் தபாலில் வந்தது, உறைகூடப் பிரிக்காமல். நீங்கள் டீ போட அடுப்படிக்குப் போனீர்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எப்படி உடுத்துவது? பிள்ளைகளின் தீபாவளிச் சட்டைக்கு வைப்பதுபோல, கீழ்மடிப்பின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

"அடியே! அம்பது வருசமா ஒரு கற படாம வந்த துணிடி! ஒன் சாமி வந்து தொடச்சு விடுமா?"

நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நீங்களே வேறொரு கவுனை நீட்டினீர்கள். "இந்தா, இதுக்கும் வச்சுத் தொல. உள்பக்கமா வையி." ஏனக்கா என்றேன். "எவளாச்சும் மாத்தி வச்சா கண்டுபிடிச்சிரலாம்ல" என்று சிரித்தீர்கள். அதிலிருந்து எல்லாத் துணிக்கும் மஞ்சள் உண்டு.

இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

"என்னக்கா, போலீசாட்டம் சோதன போடுறீங்க?" என்றாள் உங்கள் தம்பி மனைவி.

"தூசி இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். இருபத்தைந்தில் மஞ்சள் இருந்தது. நீலக் கவுனில் இல்லை. "இத யாரு தொட்டது?"

"யாரு தொடுவா? மதினி போனப்பறம் ஒரே ஒரு தடவ தெறந்து அந்துருண்ட போட்டேன். பூச்சி அரிச்சிட்டா ஒங்களுக்குத்தானக்கா மனசு கேக்காது?" அவள் குரல் உடைந்தது. எனக்கு அது நடிப்பாகத்தான் பட்டது.

உங்கள் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழம பெங்களூர்லருந்து பொம்மைகள வாங்க வாராங்க. எல்லாம் அசல், எதுவும் மாறலன்னு நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்கக்கா. ஒங்க எழுத்தத்தான் நம்புவாங்க."

"வீட்டுல வச்சு ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்" என்று நோட்டையும் கவுனையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பெயர்த்துண்டு அதேதான். பட்டும் அதேதான். கீழே மட்டும் விரற்கடை அளவுக்குக் குறைந்து, மடிப்பு புதிதாக இருந்தது. ஓட்டுத் தையல் இல்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு நறுக்கியிருந்தது. புண்ணுக்குப் போடுகிற தையல். என் முந்தானை கிழிந்தபோதும் அப்படித்தான் தைத்துக் கொடுத்தீர்கள்: "ஒண்ணு அறுந்தாலும் மத்தது நிக்கும்."

உங்கள் தம்பி மனைவி எதையும் மாற்றவில்லை. நாளைக் காலையில் போய், சந்தேகப்பட்டது தப்பு என்று அவளிடம் சொல்லிவிடுவேன். ஆனால் என் சந்தேகம் போகவில்லை அக்கா, இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. தை மாதம் சரிபார்த்தபோது நோட்டில் நீலக் கவுனின் பக்கத்தில் "மஞ்சள் உண்டு" என்று எழுதியிருக்கிறேன். மாசியில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இடையில்தான் வெட்டியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் என் மனசு நோகக்கூடாதென்று பொறுத்துக்கொண்டு, கடைசியில் அந்தப் பொம்மையைச் சுத்தப்படுத்திவிட்டுப் போனீர்களா?

அப்படித்தான் என்று நினைத்து அழுதுவிட்டேன். அப்புறம்தான் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன துணிமுடிச்சு நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் நிற்க, காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியில் எதையோ முடிந்து என் கையில் வைத்தீர்கள். "ஒன் சாமி வெளக்குக்குப் பின்னால வையி. வந்து வாங்கிக்கிறேன். பிரிக்காத." குடுமியான்மலைக் கோயிலுக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் "எனக்கும் சேத்து நீயே கும்பிடு" என்று சொன்னவர் நீங்கள். அதனால் வேண்டுதல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மோதிரத்தைத் தம்பி மனைவிக்குத் தெரியாமல் ஒளிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் வாங்க வரவில்லை.

இன்று எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். மோதிரம் இல்லை. நடுவில் ஓட்டை தட்டுப்படவில்லை. வட்டமாக ஒரு காசு. அதைச் சுற்றி வழுவழுப்பாக ஏதோ நழுவுகிறது. பட்டாக இருக்கலாம். நானாக அப்படி நினைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம்.

நோய் தீர வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்களே, நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்களா? ஒருவர் வேண்டி முடிந்த காசை இன்னொருவர் பிரிக்கக்கூடாது. உள்ளே அந்த நீலத்துண்டு இருந்தால், அது கவுனோடு பெங்களூருக்குப் போக வேண்டியதா, கோயிலுக்குப் போக வேண்டியதா? அவள் துணி அவளுக்குத்தான் என்பீர்கள். ஆனால் அதில் இருப்பது என் மஞ்சள். உங்கள் வேண்டுதல்.

விளக்குக்குப் பின்னால் வைக்க இப்போது பயமாக இருக்கிறது. முடிச்சை என் இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். நோட்டில் அந்தப் பக்கம் கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது. கனவில் வந்து சொன்னாலும் சரி, பல்லியை விட்டுச் சொன்னாலும் சரி. பிரிக்கலாமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் அக்கா.