மொன்றியல் விமானத்தின் காலி இருக்கைகள்

செவ்வாய்க்கிழமை.

இன்று எங்கள் சிறிய விமான நிலையத்துக்கு விமானக் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொன்றியல் சேவையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவார்களாம். சேவை நின்றால் என் வேலையும் நிற்கும்.

போன வருடம் மாதா கோயில் வாசலில் நின்று நான் சேர்த்த கையெழுத்துத் தாளை அவள் மேசையில் விரித்தாள். விமானம் விட்டால் அதில்தான் போவோம் என்று எங்கள் சனம் எழுதிக் கொடுத்தது. இவர்களில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டாள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

மொன்றியலில் கலியாணம் என்றால் நாங்கள் வாடகை வான் வண்டி பிடித்து றோட்டால் போகிற ஆட்கள். பலகார வாளி, சீலைப் பெட்டி, பத்துப் பேர். இதை அவளுக்கு எப்படி விளக்குவது?

விட்பியில் என் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அத்தான் போன் எடுத்தார்.

"சனிக்கிழமை கலியாணத்துக்கு வான் புக் பண்ணியாச்சு. நீரும் வாறீர்தானே?"

"நான் பிளேனில வாறன், அத்தான்."

"உமக்கென்ன விசரே? அப்ப பயத்தம் பணியார வாளியை ஆர் மடியில வைச்சிருக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், "ஓம், வாறன்" என்றுதான் சொன்னேன்.

அந்தத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது.