சுடலையின் பொடி மட்டை

ஆவணி 9, வியாழன்.

இன்று ராஜபாளையம் சந்தையில் மூக்குப்பொடி கட்டிய ஒரு வாழை மட்டையில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "சுடலை பொடி" என்றிருந்தது. என் பொடிக்கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் சுடலைதான். எனக்குப் படிக்கத் தெரியாதென்ற தைரியத்தில், தன் பொடியையும் என் சரக்கு வண்டியிலேயே என் கண் முன்னால் ஏற்றி அனுப்பியிருக்கிறான். ஆறு மாதமாக நான் ராத்திரிப் பள்ளிக்குப் போவதும், எழுத்துப் பழக இந்த நாட்குறிப்பு எழுதுவதும் அவனுக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் மட்டையை நீட்டினேன். "ஏலே, இது ஒம் பேருதான?"

"மொதலாளி வாசிக்கப் படிச்சிட்டீயளா? எப்பம்?" என்று வாய் பிளந்தான்.

கடை தொடங்கிய புதிதில் இருவரும் ஒரே உரலில் புகையிலை இடித்து, மாறி மாறித் தும்மிச் சிரித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பொடிக்கு எவ்வளவு நெய் விட்டால் மணம் தூக்கும் என்று பதம் கண்டுபிடித்தவனே அவன்தான்.

இனி வேலைக்கு வராதே என்றேன்.

"சரி மொதலாளி. ஒங்க பொடிக்கு இனி நெய் யாரு விடுவா?"

நெய்க் கிண்ணத்தை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் வெளியிடத்தில் நானாக வாசித்த முதல் பெயர் அவனுடையது என்பது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்கிறது.