நிற்காத கரகம்

நேற்று நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். நீற்றிய சுண்ணாம்பின் சூடான வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூட்டாளி. கூடவே கோபமும் வந்தது.

வட்டகொடை ஸ்டேசனுக்குப் போகும் குறுக்குப் பாதையின் வளைவில் இருந்ததே, அந்தக் கல் குவியல். இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்து வந்த நம் ஆட்கள், அங்கே கிடந்த கல்லை ஆளுக்கொன்றாகச் சுமந்து வந்து குவித்தது. வழியிலேயே செத்தவர்களுக்கும் ஒவ்வொன்று. கல் முழுக்கப் பூப்பூவாகக் கோலம். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்த பவளப்பாறை அது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னபோது நீ சிரித்தாய். "எங்களுக்கு அது அத்தைங்க சார்" என்றாய். உன் அப்பாவின் அக்கா அந்த நடையில் வாந்திபேதியில் போனவள். அவளுக்கென்று இந்த மண்ணில் இருந்தது அந்த ஒரு கல்தான். வேலைக்குப் போகும்போது ஒரு தேயிலைக் கொழுந்து கிள்ளி அதன்மேல் வைப்பாய்.

பெரிய கங்காணி, மகள் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க, அத்தனை கல்லையும் அள்ளிப்போய்ச் சூளையில் போட்டார். நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வெந்து பொடியாகிக் கிடந்தது.

"சுண்ணாம்புக் கல்லுக்கா இந்த ஆட்டம் ஆடுறீங்க?" என்று சிரித்தார். உன் கை மண்வெட்டிக்குப் போனது. நான்தான் இழுத்து வந்தேன்.

நீ அடித்த அடி வேறு. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்கியது நீ. ஒவ்வொரு வாசலிலும் நின்று காலுக்கு மஞ்சள் தண்ணீர் வாங்கிய கரகம், அவர் வாசலில் நிற்கவில்லை. தாம்பாளத்தோடு காத்திருந்த குடும்பத்தைத் தாண்டி நேரே வளைவுக்குப் போய், வெறும் மண்ணுக்கு முன்னால் நின்றாய். தோட்டமே பார்த்தது.

"நான் இருக்கிற வரைக்கும் அந்த வாசல்ல நிக்காதுடா" என்றாய். கடைசிவரை நிற்கவேயில்லை.

போன மார்கழிக் குளிரில் நெஞ்சுச் சளி உன்னைக் கொண்டுபோனது. இனி நிற்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். இந்த வருஷம் கம்பை ஊன்றிக்கொண்டு, செம்பும் கையுமாக வாசலில் நின்றார். கரகம் என் தலையில் இருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம் நில்லுப்பா. நான் போற காலம்."

"வளைவுல நம்ம ஆளுங்க காத்திருக்காங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் செம்பு விழுந்து உருண்டது.

பாவமாக இல்லையா என்று என் மனைவி கேட்டாள். இல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இனிக்கிறது.

அடுத்த வருஷமும் நான்தான் தூக்குகிறேன். அதுவரை அவர் உயிரோடிருக்க வேண்டும் என்று மாரியம்மாவுக்கு நேர்ந்திருக்கிறேன்.