கிளட்ச் பிடியை விடாத கை

மாப்ளே,

இன்று காலை கடையைத் திறந்து, ஊதுவத்தி கொளுத்திவிட்டு உட்கார்ந்தேன். அந்த மணம் பரவுவதற்குள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. கருகிய கிளட்ச் தட்டின் நாற்றம். எரிந்த முடியும் அடிப்பிடித்த எண்ணெய்ச் சட்டியும் கலந்தது போல ஒரு கேடுகெட்ட நாற்றம். உதிரிச் சாமான் விற்கிறவன் அதை முகர்ந்தால் மகிழ வேண்டும். வியாபாரம் தானாக வாசலுக்கு வந்திருக்கிறது. நானோ மூக்கைப் பொத்திக்கொண்டேன். இத்தனை வருஷமாக அப்படித்தான். அதற்குக் காரணம் நீ.

உன் வண்டி பட்டாளத்தார் கழித்துவிட்டுப் போனது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் துருவும் சேறுமாகக் கிடந்ததை நான்தான் உனக்குப் பார்த்துக் கொடுத்தேன். இடப்பக்கம் ஒரு சைட்கார். அதில் சேலை மூட்டைகளை அடுக்கி, மழைத்துணி போர்த்தி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போவாய். உன் இஞ்சின் சத்தம் கேட்டே பெண்கள் தொழிலாளர் லயத்தை விட்டு வெளியே வருவார்கள் என்று பீற்றிக்கொள்வாய்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது வண்டி உன்னைக் கைவிட்டது. மேட்டில் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. நிறுத்தினால் நியூட்ரல் விழாது. கியர் மாற்றினால் உள்ளே பல்லைக் கடிப்பது போல ஓர் அலறல். தட்டு மாற்றினாய். அடுத்த பயணத்திலேயே அதுவும் கருகியது. திரும்ப மாற்றினாய். பட்டறைக்காரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உன்னிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கியர்பாக்ஸ் பல்லெல்லாம் தேஞ்சு போச்சு லா. புதுசு கப்பல்ல வரணும். பேசாம வண்டிய எங்கிட்ட விட்டுட்டு உங்க மச்சான் கடைக்குப் போங்க. நிழல்ல நின்னு துணி கிழிக்கலாம்."

நீ சிரித்தாய். கருகிய தட்டைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

"அவன் சொல்றதும் சரிதானே மாப்ளே."

"எது சரி? ஒன் மச்சான் கடையில ஒனக்கு என்ன பேரு தெரியுமா? 'ஏய், அந்த ஏணிய எடு.' அதான் பேரு. எடுப்பியா?"

நீ எடுக்கத் தயாராகிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக் காலில் நின்றவன், ஒரு பட்டறைக்காரன் பேச்சைக் கேட்டு மச்சான் கல்லாவுக்குப் பின்னால் நிற்கப் போகிறான்! தூ என்றிருந்தது.

வண்டியை என் கடையின் பின்சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். முதலில் கியர்பெட்டி எண்ணெயை வடித்தேன். பல் தேய்ந்திருந்தால் எண்ணெயில் இரும்புப் பொடி மினுக்கும். வெயிலில் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மினுக்கம் இல்லை. பட்டறைக்காரன் அந்தப் பெட்டியைத் திறக்கவேயில்லை. கிளட்ச் பிடியில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், இருந்தது. புது எண்ணெய் ஊற்றி, மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டேன். தட்டு வழுக்கினால் இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உன் இஞ்சின் திணறி அணைந்தது. ஆக, புதிதாகப் போட்ட தட்டும் பிடிக்கிறது. ஜாலான் புசார் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கியர் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுந்தது.

"வண்டிக்கு ஒன்னுமில்ல."

"அப்ப எனக்குத்தான் கிறுக்கா?"

"அதத்தான் பாக்கணும். மூட்டையக் கொறச்சுக்க. நான் சைட்கார்ல வரேன்."

சைட்காரில் உட்கார்ந்தவனுக்கு ஓட்டுகிறவனின் இடக்கை முகத்துக்கு நேரே இருக்கும். பாலம் தாண்டும்வரை உன் கை ஒழுங்காகத்தான் இருந்தது. மரங்கள் சாலையை நெருங்கி வர ஆரம்பித்ததும் நான்கு விரலும் போய் கிளட்ச் பிடியின்மேல் படுத்துக்கொண்டன. நீ இழுக்கவில்லை. வெறும் கனம்தான். அதுவே போதும். கூலாய் ஊர் மேட்டில் இஞ்சின் கத்தியது, நாற்றம் குபீரென்று என் மூக்கில் ஏறியது.

"கைய எடுடா!"

"எங்கேர்ந்து?"

"கிளட்ச்லேர்ந்து! புடிச்சுக்கிட்டே ஓட்டுறியே!"

"நான் எங்க புடிச்சேன்?"

குனிந்து பார்த்தாய், யாருடைய கையையோ பார்ப்பது போல. எடுத்தாய். அடுத்த வளைவில் விரல்கள் திரும்ப அங்கே இருந்தன. அரைகுறையாகப் பிடித்த தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் வளையும். வளைந்த தட்டு, பிடியை முழுக்க இழுத்தாலும் விடாது. அதனால்தான் கியர் அலறியது. இரண்டு கோளாறும் ஒரே கை செய்த வேலை. பட்டறைக்காரன் தானே ஓட்டிப் பார்த்தானே தவிர உன்னை ஓட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அவன் கண் வண்டிமேல்.

ஆயர் ஹித்தாம் ஊரில் ஒரு கோப்பிக் கடையில் உன்னை உட்காரவைத்துத் திட்டினேன். நீ கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாய். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாய்.

"முன்ன ஒருநாள் வளைவு திரும்புனா பட்டாளத்தானுங்க போட்ட ரோட்டுத் தடுப்பு. நான் கிளட்ச் புடிக்கறதுக்குள்ள வண்டி கொஞ்சம் முன்னால போயிருச்சு. துப்பாக்கியத் தூக்கிட்டானுங்க. காட்டுல இருக்கறவங்களுக்கு அரிசி கொண்டு போறியான்னு மூட்டைய அவுக்கச் சொன்னானுங்க. ஒவ்வொரு சேலையா சேத்துல ஒதறச் சொன்னானுங்க, மாப்ளே. ஒரு கூறைப்புடவை இருந்துச்சு. கல்யாணப் பொண்ணு கலர் சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னது. அதுல ஒருத்தன் பூட்ஸத் தொடச்சான். மத்தவனுங்க சிரிச்சானுங்க."

"நீ என்ன பண்ணுன?"

"மடிச்சேன்."

காட்டுக் கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் வேட்டையாடிய அந்த அவசரகாலத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நடந்தது. உயிரே போனது. ஆனாலும் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டபோது வந்த அருவருப்பு எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. அந்தப் பூட்ஸ்காரன் எந்த ஊருக்குத் திரும்பிப் போய் எந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானோ! அவன் மறந்திருப்பான். உன் விரல்தான் மறக்கவில்லை. அடுத்த வளைவில் தடுப்பு இருந்தால் இந்தத் தடவை ஓர் அங்குலம்கூட முன்னால் போகக் கூடாது என்று அது காத்துக்கொண்டிருந்தது.

கையை எடு எடு என்று சொல்லி அந்தக் கையை எடுக்க வைக்க முடியாது என்று அப்போது புரிந்தது. நான் வியாபாரி. ஒருவனிடமிருந்து ஒன்றை வாங்க வேண்டுமானால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஊர் திரும்பியதும் கடையில் தூசி படிந்து கிடந்த ரப்பர் குமிழ் ஹார்ன் ஒன்றை எடுத்து, இடக்கைப் பிடிக்குப் பக்கத்தில், விரல் எட்டும் தூரத்தில் திருகி மாட்டினேன்.

"வெரலுக்கு ஏதாச்சும் வேணும்ல? இதப் புடி."

"சின்னப் புள்ளையா நான்?"

"புடிடா."

பிடித்தாய். வளைவுக்கு வளைவு பாம், பாம் என்று ஜொகூர் முழுக்கக் கத்திக்கொண்டே போனாய். தீபாவளிச் சேலைகள் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தட்டு கருகவில்லை. "என்ன லா, மச்சான் கடைக்குப் போகலையா?" என்று கேட்ட பட்டறைக்காரன் முகத்துக்கு நேரே வண்டியை நிறுத்தி அந்தக் குமிழை அமுக்கினாயே, அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்துவிட்டது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மனைவி அந்த ஹார்னைக் கழற்றி எனக்குக் கொடுத்தனுப்பினார். கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ரப்பர் வெடித்துவிட்டது. அமுக்கினால் காற்று மட்டும்தான் வருகிறது.

இன்று காலை வந்தவர் ரொட்டி விற்கிற ஆள், நடுத்தர வயது. "கிளட்ச் தட்டு ஒரு செட் குடுங்க. போன மாசம்தான் மாத்துனேன், திரும்பக் கருகிடுச்சு" என்றார். தட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வாசலைத் தாண்டி வந்து பார்த்தேன். இஞ்சின் அணைந்திருந்தது. அவர் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். நான்கு விரலும் பிடியின்மேல்.

உள்ளே போய்த் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அவரிடம் திரும்பி வந்தேன்.

"அண்ணே, எங்க பயந்தீங்க?"

பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "புக்கிட் தீமா ரோட்ல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

கடைக்குள் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. இரண்டு கோப்பிக்குச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.