வேலுச்சாமியின் பெயர்

சனிக்கிழமை, இரவு.

ஒருவரைக் காப்பாற்றுவதற்காகவே தொடங்கிய சங்கம், முதல் வேலையாக அவரையே ஏன் வெளியே தள்ளியது?

தீயணைப்பு நிலைய அதிகாரிகள் சங்கத்தின் வரலாற்றை, விழாவில் வாசிக்க எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். பல வருடங்களுக்கு முன், எங்கள் கேரள எல்லையான கோவிந்தாபுரத்துக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தேங்காய் நார்மில் எரிந்தபோது, நிலைய அதிகாரி வேலுச்சாமி உத்தரவுக்குக் காத்திருக்காமல் வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோனார். துறை அவரை இடைநீக்கம் செய்தது. அவருக்காகவே மற்ற அதிகாரிகள் கூடிச் சங்கம் வைத்து, அவரையே தலைவராக்கினார்கள். அவர் சங்கத்தில் இருக்கும்வரை அங்கீகாரம் இல்லை என்று மேலிடம் சொன்னதும், அடுத்த கூட்டத்திலேயே அவரை நீக்கினார்கள்.

இன்று மாலை இப்போதைய தலைவர் அந்தப் பத்தி முழுவதையும் அடித்தார்.

"எல்லை தாண்டிப் போன ஆளுங்க டீச்சர். நாம எல்லைக்குள்ளயே இருந்துக்கலாம்." சிரித்தார்.

"வேலுச்சாமி இப்போது இல்லையென்று அவர் மனைவியை வரச் சொல்லியிருக்கிறீர்களே?"

"பொன்னாடை போத்தறமுங்க. கெழவிக்கு அது போதும்."

அப்படியானால் எழுதியவர் என்று போட்டிருக்கும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். உடனே எடுத்துவிட்டார்.

ஞாயிறு.

விழா நடந்தது. வடகரப்பதியிலிருந்து வந்த வேலுச்சாமியின் மனைவி, பொன்னாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வரலாற்றை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த அம்மா கை தட்டினார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரர் பேரு இனித்தான் வருமுங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் முந்தி அவர்தான் எழுந்து நின்றார்.