செதுக்குக் கட்டிலை விலை பேசிய நாள்

1988 ஏப்ரல் 9

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் யொங்ஃபா, மருமகள் சூச்சின், ஷாங்காயிலிருந்து வந்த பழஞ்சாமான் வியாபாரி சியூ. அப்புறம், கூப்பிடாமலே வந்து வாசலில் நின்ற ஷென் பாவ்லியென்.

சியூ, மேடையும் தூணும் கூரையும் வைத்த என் கட்டிலுக்குள் தலையை விட்டுச் செதுக்கு வேலை முழுதும் பார்த்தான். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு அலைகிறார்களாம்.

"பாட்டி, அரசாங்கம் பண்ணையாருங்க நிலத்தைப் பங்கு வச்சப்போ கெடச்ச சாமான்னா எனக்கு வேண்டாம். அதோட பழைய சொந்தக்காரங்க வந்து மல்லுக்கு நிக்கிறாங்க. இது யார் சீதனம்?"

யொங்ஃபா என்னைப் பார்த்தான். அவனுக்குச் செங்கல் வீடு கட்டணும்.

"எங்கம்மா எனக்குக் குடுத்தது" என்றேன். நாக்கு கூசவில்லை. வாசலில் பாவ்லியென் நிற்பதைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

"அப்போ ரகசிய இழுப்பறையைத் திறங்க. அம்மா மகளுக்கு மட்டும் சொல்லி அனுப்புற விஷயமாச்சே" என்றான் சியூ.

முப்பத்தெட்டு வருஷம் படுத்த கட்டில். மூன்று பிள்ளை பெற்ற கட்டில். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது! செதுக்கியிருந்த மாதுளையை அமுக்கினேன். வௌவாலை அமுக்கினேன்.

"பக்கத்து வீட்டுக் கோழி போன வருஷம் போட்ட முட்டைகூட அத்தைக்கு மறக்காது, இது மறந்துபோச்சா?" என்றாள் சூச்சின்.

பாவ்லியென் உள்ளே வந்தாள். கட்டில் மேடையில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினாள். நாங்கள் ஒருநாளும் கழற்றியதில்லை. தூணில் இருந்த மரக்குழந்தையைப் பிடித்துத் திருகினாள். இழுப்பறை வெளியே வந்தது. உள்ளே கறுத்துச் சுருங்கிய இலந்தைப் பழம், மணப்பெண்ணுக்கு வைப்பது.

"என்ன தங்கச்சி, நீதானே எனக்குக் காட்டினே? வயசாயிடுச்சு உனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பேரம் முடிந்தது.

ஏப்ரல் 10

ஐம்பதில் நிலம் பங்கு வைத்தபோது சீட்டுக் குலுக்கி, பண்ணையார் வீட்டு பாவ்லியெனின் சீதனக் கட்டிலை எங்களுக்குக் கொடுத்தார்கள். அவளை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினார்கள். நானா பிடுங்கினேன்? பழசெல்லாம் ஒழியணும் என்று சிவப்புப் படைப் பையன்கள் உடைக்க வந்தபோது மண்ணைக் குழைத்துப் பூசிக் காப்பாற்றினவள் நான்தானே — சரி, எங்கம்மா பேரை ஏன் இழுத்தேன்? கட்டிக்கொடுத்தபோது ஒரு மூங்கில் கூடையோடு என்னை அனுப்பினவள் அம்மா.

ஏப்ரல் 13

லாரி வந்தது. கழற்றி ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 14

பாவ்லியென் வீட்டுக்குப் போனேன்.

"ஒன்னோடதுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா வாங்கியிருக்க மாட்டானே. ஒம் பையன் வீட்டைக் கட்டட்டும்."

"நாலு வார்த்தை திட்டேன்."

"எதுக்கு? டீ ஆறுது, குடி."

ஏப்ரல் 27

யொங்ஃபா அடித்தளம் தோண்டுகிறான். நான் பலகையில் படுக்கிறேன். தெருவில் அவள் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன்.

என்னைப் பட்டினி போட்ட மாமியாரைக்கூடச் சாகும்போது மன்னித்தேன். எல்லார் முன்னாலும் என் மானத்தைக் காப்பாற்றினாளே ஷென் பாவ்லியென், அவளை மாட்டேன்.