பெட்டிக்குள் ஒரு டிரம்ஸ்

ஜூன் 10, 1985

நேற்றுக் கோப்பெங் ஊர்க் கல்யாணத்தில் ஸ்பீக்கர் வயர் சுருட்டினேன். பேராக் மாநிலத்திலேயே இவ்வளவு அழகாக வயர் சுருட்டுகிறவன் கிடையாது. எங்கள் குழுத் தலைவர் கஸ்பார் அண்ணனே சொன்னார். சரி, "சீக்கிரம் சுருட்டு" என்றுதான் சொன்னார். அர்த்தம் அதுதான்.

சாரல்மணி இன்னிசைக் குழுவில் பன்னிரண்டு வருடம் டிரம்ஸ் அடித்தவன் நான். போன வருடம் ரப்பர் ஆலையில் உருளை இடது கையைக் கடித்தது. இரண்டு விரல் மடங்காது, குச்சி நிற்காது. ஆலையிலேயே ஜாகா வேலை, வாசல் காவல், கொடுத்தார்கள். உயிரும் வலது கையும் மிச்சம் வைத்த முருகனுக்கு நன்றி. ஆனால் மேடையில் என் மனைவி நவமணி பாடுகிறாள், நான் கீழே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட குரலை ஸ்பீக்கர் வழியாகக் கேட்கிறேன். அது வேறு குரல் போல இருக்கிறது.

திரும்பும்போது வேனில் கஸ்பார் அண்ணன் (குழுவில் அக்கார்டியன் அவர்தான்) என் பெயரைச் சொல்லி மெதுவாக ஆரம்பித்தார்.

"பத்து, கோவிச்சுக்காத லா. செப்டம்பர்ல செமோர் கல்யாணம், பெரிய இடம். டிரம்ஸ் இல்லாம முடியாது. தைப்பிங்ல ஒருத்தன் இருக்கான், கூப்பிடலாம்னு பாக்குறேன்."

"கூப்பிடுங்கண்ணே, அவனுக்கு நானே கத்துக் கொடுக்குறேன்" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஜூன் 19

கஸ்பார் அண்ணன் வீட்டுக்கு மைக் கொடுக்கப் போனேன். அவர் மகள் பெட்ரீசியா, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட், ஒரு கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி வைத்திருந்தாள். கொமடோர் என்று பெயர். டைப்ரைட்டரில் பாதியை வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கூட வேலை செய்பவளிடம் வாங்கினாளாம், விளையாட்டுக்கு.

ஏதோ தட்டினாள். 'டிஷ்' என்றது.

எனக்குக் கை தானாக எழுந்துவிட்டது. சிம்பல் சத்தம்!

"இதுக்குள்ள மூணு குரல் இருக்கு அங்கிள். நம்பர் கொடுத்தா அதுவே சத்தம் போடும்."

"குச்சி வேணாமா?"

"ஒரு விரல் போதும்."

என்னிடம் நல்ல விரல் எட்டு இருக்கிறது.

ஜூன் 22

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. "எனக்கு அலுத்துப் போச்சு, நீங்க வச்சிக்கிட்டு விளையாடுங்க" என்று கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. அமெரிக்காவிலிருந்து என் பெயருக்குக் கப்பலில் வந்தது என்று சொல்லி வைத்தேன். அமெரிக்காக்காரனுக்குத் தெரியாமல் போனால் என்ன நட்டம்?

நவமணி மட்டும் அசையவில்லை. "தமிழ்ப் படம் போடுற அன்னைக்கு டிவி எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

ஜூன் 28

இங்கிலீஷ் புத்தகம் பெட்ரீசியா படிக்கிறாள், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஆறாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் எண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 54296-இல் 15 போட்டால் சத்தம் முழுசாகத் திறக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா ஜன்னலில் நின்று கேட்டது: "தம்பி, அந்தப் பெட்டி நம்பர் குடுக்குதாமே?"

"குடுக்குது அக்கா, ஆனா அஞ்சு நம்பர்."

"லாட்டரிக் கடையில நாலு நம்பர்தானே எடுப்பான்? கடைசி ஒண்ண விட்டுறவா?"

கடைசி எண்ணை விட்டுவிட்டு எழுதி வாங்கிக்கொண்டு போயிற்று.

ஜூலை 3

மழை. கரண்ட் போச்சு. மூணு நாளா தட்டுன அத்தனையும் போச்சு. போச்சு!

ஜூலை 6

"கேசட்ல சேவ் பண்ணலையா அங்கிள்?" என்று பெட்ரீசியா தலையில் கை வைத்தாள். சேவ் என்றால் என்ன என்று இன்றுதான் தெரியும். இனிமேல் எல்லாம் கேசட்டில் ஏறும்.

ஏற்றியதும் நேராக அந்தக் கேசட்டை எடுத்துப்போய்க் கஸ்பார் அண்ணன் ரேடியோவில் போட்டேன். "கேளுங்க, என் டிரம்ஸ்" என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். கீய்ய்ய் என்று ஒரு சத்தம். பூனை மேசையிலிருந்து குதித்து ஓடியது. அண்ணன் என்னையே பார்த்தார்.

"இதான் டிரம்ஸா பத்து?"

அது மிஷின் படிக்கிற சத்தமாம். மிஷினில் போட்டால்தான் தாளமாகுமாம். சொல்லக்கூடாதா முன்னாடியே?

ஜூலை 20

வந்துவிட்டது! டும், டக், டும்டும், டக். பெரிய டிரம் ஒரு குரல், சின்ன டிரம் ஒரு குரல், சிம்பல் ஒரு குரல். மார்பில் தட்டித் தட்டிப் பார்த்து எண்ணை மாற்றினேன். உலகத்தில் முதன்முதலில் கம்ப்யூட்டருக்குக் கல்யாணப் பாட்டு அடிக்கக் கற்றுக்கொடுத்த தமிழன் நான்தான். இல்லையென்றால் ஈப்போவில். புந்தோங்கில் நிச்சயம்.

எங்கள் ஆம்ப்ளிபையரை ரிப்பேர் செய்கிற ஆ செங் வந்து பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் பற்றவைத்துக் கொடுத்தான். "பத்து, லூ கீலா லா" என்றான், பைத்தியம் என்று. சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரம் குந்தியிருந்து வேலை செய்தான். கோப்பி மட்டும் குடித்தான். இப்படிப்பட்டவன் எனக்கு எந்தப் பிறவியில் சொந்தமோ.

ஆகஸ்ட் 4

ஒத்திகை. கஸ்பார் அண்ணன் வீட்டுப் போர்ட்டிகோவில் டிவியையும் பெட்டியையும் வைத்து ஆரம்பித்தேன். முதல் அடி விழுந்ததும் கிட்டார்க்காரன் கையைத் தட்டினான். பல்லவி போனது. ஜோர். பல்லவி முடிந்து சரணம் எடுக்க நவமணி மூச்சு இழுத்தாள். அதற்குள் டும் டக் என்று மிஷின் போய்விட்டது. அவள் ஓடிப் பிடித்தாள். அடுத்த சரணத்திலும் அப்படியே. மூன்றாவது பாட்டில் பாதியிலேயே மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவளுக்குத் தாளம் பிசகுது" என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும். ஏன்தான் வாய் திறந்தேனோ.

அண்ணன் சுவிட்சை அணைத்தார். "தைப்பிங்குக்கு போன் பண்ணிர்றேன் பத்து."

"ரெண்டு வாரம் குடுங்கண்ணே."

"ரெண்டு வாரந்தான் லா. அதுக்கு மேல கேக்காத."

ஆகஸ்ட் 5

மீன் கழுவும்போது நவமணியே ஆரம்பித்தாள்.

"எனக்கா தாளம் பிசகுது? பன்னெண்டு வருசமா யாரு அடிக்குப் பாடுனேன்?"

"என் அடிக்கு. கடிகாரம் மாதிரி அடிப்பேன்ல."

"கடிகாரமா? நீங்க எப்ப கடிகாரம் மாதிரி அடிச்சீங்க? சரணத்துக்கு முன்ன நான் மூச்சு வாங்குற வரைக்கும் நிப்பீங்க. ஒரு நாள் கொஞ்சமா, ஒரு நாள் நெறையா. அந்தத் தைரியத்துலதான் மேடையில நிக்கிறேன். அந்தப் பெட்டி நிக்காதுங்க."

நான் நின்றேனா? எனக்கே தெரியாதே. ஊரெல்லாம் கடிகாரம், கடிகாரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இவள் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பன்னிரண்டு வருடம் என்னைக் கடிகாரம் என்றே சொல்லவிட்டிருக்கிறாள்.

"நீ பிசகல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். மீன் தலையை எனக்கு வைத்தாள். சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

பெட்ரீசியாவிடம் கேட்டேன்: "இந்த மிஷின நிக்க வைக்க முடியுமா? எவ்ளோ நேரம்னு எனக்கே தெரியாது. அவ மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும்."

"நம்பர் இல்லாம எப்படி அங்கிள்?"

பிறகு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். திடீரென்று சிரித்தாள். ஒரு பொத்தானை அமுக்கும்வரை சும்மா இரு என்று மிஷினுக்குச் சொல்லலாமாம்! அமுக்கினால் அந்த நொடியே அடிக்குமாம்.

அந்தப் பொத்தானை அமுக்க ஒரு விரல். எவன் விரல்? என் விரல்!

பெட்ரீசியா, நீ நூறு வருசம் இரு.

ஆகஸ்ட் 18

ஒத்திகையில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பார்க்க வேண்டியது நவமணியின் தோளைத்தான். மூச்சு இழுத்தால் தோள் ஏறும். ஏறி நின்றதும் அமுக்கினேன். அவள் குரலும் என் அடியும் சேர்ந்து விழுந்தன.

கஸ்பார் அண்ணன் நிறுத்தாமல் ஐந்து பாட்டு வாசித்தார்.

"தைப்பிங்குக்கு போன் பண்ணிட்டீங்களாண்ணே?"

"செமோர் முடியட்டும், பாக்கலாம் லா."

செப்டம்பர் 7

நவமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர், கல்கண்டு, எதற்கும் மசியவில்லை. நாளைக்குச் செமோர்.

செப்டம்பர் 9

நேற்று மேடையில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் ஆயிரம் பேர். நாற்காலி முந்நூறுதான், மிச்சப் பேர் நின்றிருப்பார்கள். முதல் வரிசையில் இருந்த பெரியவர் டிரம்ஸ் எங்கே என்று மேடைக்குப் பின்னால் போய்த் தேடினார். ஜப்பானில் ஆறு மாதம் படித்து வந்தேன் என்று பிறகு அவரிடம் சொன்னேன். அவர் தன் தம்பியையும் கூட்டிவந்து கேட்க வைத்தார்.

கடைசிப் பாட்டு. பல்லவி முடிந்தது, மிஷின் நின்றது. நவமணியின் தோள் ஏறியது, பாதியில் இறங்கிவிட்டது. குரல் அடைத்துப் போயிற்று. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. கஸ்பார் அண்ணன் அக்கார்டியனை இழுத்து இழுத்து ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார், அமுக்கு என்று. பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு நான் அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் அவள் இல்லாமல் பாட்டு போயிருக்கும். மண்டபம் சலசலத்தது. எவனோ "மிஷின் செத்துப் போச்சு லா" என்று கத்தினான். சிரித்தார்கள்.

தோள் ஏறியது. நின்றது. அமுக்கினேன்.

கரகரத்த குரலில்தான் முடித்தாள். ஆனால் முடித்தாள்.

பந்தியில் பெண்ணின் அப்பா கேட்டார்: "எல்லாம் நல்லா இருந்துச்சு. கடைசியில ஏன் நின்னு போச்சு?"

கஸ்பார் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். நவமணியும்.

"மிஷின் சூடாயிருச்சுங்க" என்றேன். "என் தப்புதான். ரொம்ப நேரம் ஓட்டிட்டேன்."

வேனில் ஏறும்போது அண்ணன் என் தோளில் கை போட்டார். "இருபத்திரண்டாம் தேதி பாரிட் புந்தார் போறோம் பத்து. அங்கயும் இதே மாதிரி சூடானா பரவால்ல லா."

இன்று காலை நவமணிக்குக் குரல் சுத்தமாக இல்லை. கோப்பியை வைத்தாள். என் இடது கையை எடுத்து, மடங்காத அந்த இரண்டு விரலையும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.